டைப் மெஷினில் தமிழ் படித்த குப்பன்

குப்பனைக் கோழி வளர்க்கச் சொன்னார்கள். பதினேழு வருஷம் ராணுவத்தில் பாலம் கட்டிவிட்டுப் பள்ளிக்கரணைக்குத் திரும்பிய மனிதர் அவர். பட்டாளத்துப் பள்ளியில் ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தியைச் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழும் தந்திருந்தார்கள். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. சிறு வயதில் அவரைப் பள்ளிக்கூடம் பக்கம் யாரும் அனுப்பவில்லை. அவர் ஊர் திரும்பிய வருஷம் 1968. சுவருக்குச் சுவர் ‘தமிழ் வாழ்க’ என்று எழுதியிருந்தது. அதையும் வாசிக்க முடியாமல்தான் கடந்துபோனார்.

தபால்காரர் வேலை ஒன்று முன்னாள் படைவீரருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதிகாரி முன்னால் தமிழ் முகவரிகளை வாசித்துக் காட்ட வேண்டும். ஆறு மாதத்தில் பரீட்சை. மண் சுமக்கப் போய்க்கொண்டிருந்த அவர் மனைவி எல்லம்மாவின் முதுகு அந்த வேலையை நம்பியிருந்தது.

படைவீரருக்குப் படிப்புச் சலுகை தரும் அலுவலகம் பட்டணத்தில் இருந்தது. அங்கே நடந்ததைக் குப்பனே என்னிடம் சொன்னார்.

“தமிழ் படிக்கணுமா? நீ தமிழன்தானே?” என்றாராம் குமாஸ்தா.

“பேசுவேன் சார். எழுத்து தெரியாது.”

“அதெல்லாம் தொழில் இல்லப்பா. வெல்டிங் இருக்கு, டிரைவிங் இருக்கு. கோழி வளர்க்கிறியா?”

“தபால் குடுக்கறவனுக்குக் கோழி எதுக்கு சார்?”

மேஜைமேல் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் கிடந்தது. ஆங்கில எழுத்துதான் குப்பனுக்குத் தெரியுமே. தலைகீழாகவே எழுத்துக் கூட்டி, கடைசி வரியில் விரலை வைத்தார். “இதுல தமிழ் கீதே சார்.” தமிழ் டைப்ரைட்டிங்.

இப்படித்தான் எங்கள் தாம்பரம் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். என் பக்கத்து மெஷின். முதல் பாடம், நடு வரிசைச் சாவிகளில் ‘யளனகபக’. மற்றவர்களுக்கு அது விரலுக்குப் பயிற்சி. அவருக்கு அதுதான் ஆனா ஆவன்னா. ஒவ்வொரு சாவியையும் அழுத்தி, தாளில் விழுந்த எழுத்தைப் பார்த்து, “இது இன்னா தம்பி?” என்பார். நான் முணுமுணுப்பேன். அவர் உதடு அசையும்.

“அண்ணா, டைப் அடிக்கிறீங்களா, ஜெபம் பண்றீங்களா?” என்பாள் எதிர் மெஷின் பியூலா.

“ரெண்டும்தாம்மா.”

நான்காம் மாதம், நான் பாடப் புத்தகத்துக்கு அடியில் மறைத்து வைத்திருந்த புதுக்கவிதைப் பத்திரிகையை இழுத்து, ஒரு பக்கத்தை முழுசாக வாசித்துவிட்டார். “இன்னா தம்பி, வரி பாதிலயே நின்னுக்குது? ரிப்பன் தீந்துட்ச்சா?”

அந்த வாரம்தான் படிப்புச் சலுகை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். மெஷினைப் பார்க்கவில்லை, தாளைப் பார்க்கவில்லை. குப்பனை எழுப்பி நிற்கவைத்து, “உயிரெழுத்தை வரிசையாச் சொல்லு” என்றார்.

குப்பனுக்கு அந்த வரிசையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவருக்குத் தெரிந்தது சாவி வரிசை. விறைப்பாக நின்று, “ய, ள, ன, க, ப...” என்று தொடங்கினார். ஆய்வாளர் சிரித்தார். எங்கள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பனியில் பாலம் கட்டிய மனிதரின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அவர் நன்றாக வாசிப்பார் என்று நானாவது எழுந்து சொல்லியிருக்கலாம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. இன்ஸ்டிட்யூட்டை நடத்தும் ராஜகோபாலன் சார் பிரித்துப் பார்த்துவிட்டு, குப்பனிடம் நீட்டினார். குப்பன் எழுந்து நின்று வாசித்தார். விக்கி, நிறுத்தி, மறுபடி பிடித்து. ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்தது.

“மேற்படி... குப்பன் என்பவர்... தமிழ் எழுத்தறிவு... அற்றவர் என... ஆய்வில்... தெரியவந்தபடியால்... பயிற்சிச் சலுகை... ரத்து... செய்யப்படுகிறது.”

யாரும் உதவவில்லை. உதவி தேவைப்படவும் இல்லை.

“தமிழ் தெரியாதுன்னு தமிழ்லயே எனுக்கு எழுதிகிறான் பாரு சார்!” என்றார். கோபத்தில் தாளை மடித்துப் பையில் திணித்தார்.

“நாளைக்கும் வாங்கோ குப்பன். மெஷின் என்னோடது, அவாளோடது இல்லை” என்றார் ராஜகோபாலன் சார்.

பரீட்சை வரைக்கும் வந்தார். டைப் எழுத்து மட்டும் பழகிய கண்ணுக்குக் கையெழுத்து பிடிபடாது என்று பியூலா தினமும் பத்து விலாசங்களைக் கிறுக்கித் தந்தாள். பரீட்சையில் பத்து உறைகள். ஒன்பதை வாசித்துவிட்டார். பத்தாவதை அதிகாரியாலேயே வாசிக்க முடியவில்லையாம்.

இப்போது கிழக்குத் தாம்பரத்திலேயே குடியேறி, அங்கே அவர்தான் தபால் கொடுக்கிறார். எல்லம்மா மண் சுமக்கப் போவதில்லை. குப்பனுக்கு வேலை கிடைத்த செய்தி எப்படியோ சலுகையை ரத்து செய்த அலுவலகத்துக்கு எட்டியிருக்கிறது. தங்கள் பயிற்சியால் வேலை பெற்றவர்கள் கணக்கில் அவரையும் சேர்த்துக்கொள்ளக் கையெழுத்துக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். துரத்திவிட்டார். பிறகு பதிவுத் தபால் அனுப்பினார்கள். அவர் பெயருக்கு வந்த உறை, அவர் கொடுக்க வேண்டிய தபால் பையிலேயே இருந்தது. பிரிக்காமல், அதன்மேல் தன் கையாலேயே ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

“உள்ளே என்ன இருக்குன்னாவது பார்த்திருக்கலாமே அண்ணா?” என்றேன்.

“படிக்கத் தெரிஞ்சவன் படிக்காமயும் வுடலாம் தம்பி” என்று சைக்கிளில் ஏறினார்.