வேலியில் அடைக்காத கடப்பு

காணிப் பதிவகத்தில் பழைய உறுதிப் பத்திரங்களைப் பார்த்து நகல் எழுதியே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகாவது கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அக்கா மகளுக்கு முப்பத்து நான்கு வயதில்தான் சம்பந்தம் பொருந்தியது. அதற்கு முன் பேசிய மூன்று இடமும் குழம்பிப் போயின. மாப்பிள்ளை வீட்டார் தேற்றாத்தீவுப் பக்கம் வாவிக்கரையில் எங்கள் தென்னந்தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தின் சொந்தக்காரர். எங்கள் தோட்டம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரையுடையது. வேலைக்கு வந்த பெண்ணோடு அவர் குடும்பம் நடத்தி, அவள் பெற்ற மகளுக்கே தோட்டத்தை எழுதினார். அந்த மகள்தான் என் அம்மம்மாவின் தாய். அடுத்த தோட்டம் ஒரு போடியாருடையது, ஊரின் பெரிய நிலக்காரர். போடியாரின் ஒரே மகள், மாப்பிள்ளையின் தாய்க்கு அம்மம்மாவின் தாய்.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே வேலியில் ஒரு கடப்பு உண்டு, ஒரு ஆள் நுழையும் அகலத்தில். வேலியை எத்தனை முறை புதுப்பித்தாலும் அதை மட்டும் யாரும் அடைத்ததில்லை. ஏனென்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இடி விழுந்து தலை போன தென்னை நிற்கிறது. எனக்கு அந்த இடம் எப்போதுமே பிடிக்காது.

இவ்வளவு அயலில் இருந்தவர்களுக்குள் ஒரு சொந்தமும் இல்லாமலா போயிருக்கும்? அண்ணன் தங்கை வழியாக ஒரு தொடர்பு அகப்பட்டால் மணமக்கள் பரம்பரை மச்சான் மச்சாள். கல்யாணப் பந்தலில் தாய்மாமன் எழுந்து நின்று அதைச் சொல்லலாம். எல்லாம் பெருமை பிடித்த ஆசைதான்.

துரை எழுதி வைத்த மரண சாதனம் என்ற உயில் எந்தக் கோப்புக் கட்டுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு பிரதிக்கு எழுதிக் கொடுத்ததும், மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து இலக்கத்தைச் சொன்னேன்.

“நானும் ஒரு பிரதிக்கு எழுதிப் போடுறன் மாமா. சட்டம் போட்டு வீட்டில மாட்டுவம்” என்றான்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது என் பிரதி கைக்கு வந்தது. பதிவகத்து வாசலில் நின்றபடியே படித்தேன். துரைக்கு மகள் ஒன்றல்ல, இரண்டு. இருவருக்கும் ஒரே தாய். இளையவளைக் கைக்குழந்தையிலேயே பிள்ளையில்லாத போடியார் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெற்றவள் போய்ப் பார்த்துவர வேலியில் வழி விட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் குடி தாய் வழியாக வருவது. ஒரு குடியில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை போனாலும் சகோதரர். அதற்குள் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் வளர்த்தவர்களின் குடியைத் தங்கள் குடி என்று நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். நான் மச்சான் மச்சாளைத் தேடிப் போய் அண்ணனையும் தங்கையையும் கண்டுபிடித்திருந்தேன்.

வீட்டில் அக்கா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன தம்பி, ஏதும் கிடைச்சிதா?”

“ஒண்டும் இல்லக்கா.”

“இல்லாட்டி விடு. என்ட பிள்ளைட கழுத்தில ஒரு தாலி ஏறினாக் காணும்.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

தாலி ஏறியது. பந்தலில் நல்ல சோடி, முகச்சாயல்கூட ஒன்று என்று நாலு பேர் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். கல்யாணக் களேபரத்தில் மாப்பிள்ளை பிரதியை மறந்திருப்பான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இன்று காலை அக்கா வீட்டுக்குப் போனேன். புதுத் தம்பதி மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“பதிவகத்தில இருந்து கூப்பிட்டவங்க மாமா. பிரதி வந்திட்டாம்” என்றான் அவன்.

“மழை வரும் போல கிடக்கு. மறுகா ஒரு நாளைக்குப் போங்களன்.”

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். வெயில் எரித்துக்கொண்டிருந்தது. அக்கா மகள் சிரித்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க ரெண்டு பேருக்கும் பழைய முறை என்னெண்டு பாத்திட்டு வந்து சொல்றன் மாமா” என்றாள்.