பரிசோதகர் வரும் நாள்

எங்கள் ஐயாவை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் எழுதித் தெரியவேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் கனடாவிலும் லண்டனிலும் வளரும் பேரப்பிள்ளைகள் அவரைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டவர்கள். இந்த நினைவு மலர் அவர்கள் கைக்கும் போகும் என்பதால், கடைசி மகளாகிய நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எனக்குத் தெரியாததும் நிறைய இருந்தது என்பதை இந்த ஒரு மாதத்தில்தான் கண்டுகொண்டேன்.

ஐயா புத்தூரில், செம்மண் தோட்டமும் கிணறும் தவிர வேறு சொத்தில்லாத குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். படிப்பில் கெட்டிக்காரர் என்று பெரியப்பா சொல்வார். ஐயாவோ தனக்குக் கணக்கு மட்டும்தான் வந்தது, அதுவும் வெங்காயத்தோடு சேர்த்துச் சொல்லித் தந்தால்தான் வந்தது என்பார். தகப்பனார் இளவயதிலேயே காலமாக, பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்தில் இறங்கினார். பிறகு ஏறவேயில்லை.

அம்மாவை உடுப்பிட்டியிலிருந்து மணமுடித்து வந்தார். என்னையும் அதே ஊரில்தான் கட்டிக் கொடுத்தார். வாங்கின இடத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று கலியாண வீட்டில் எல்லோருக்கும் முன்னால் பகிடி விட்டவர். போர்க்கால இடப்பெயர்வின்போது எங்களைத் தென்மராட்சிக்குக் கூட்டிப்போய்ப் பட்டினி போடாமல் காத்தார். திரும்பி வந்தபோது கிணறு ஓடுகளாலும் கற்களாலும் தூர்ந்து கிடந்தது. வீட்டுக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் முதலில் கிணற்றைத்தான் இறைத்தார். அந்தத் தண்ணீரில் விளைந்த வெங்காயத்தில் அண்ணா படித்தார், அக்கா படித்தார், நானும் படித்தேன். அண்ணா கனடா போனார், அக்கா லண்டன் போனார், நான் பிரதேச செயலகத்தில் வேலைக்குப் போனேன். அம்மா எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு போய்விட்டார். ஐயா தோட்டத்தோடு தனியே நின்றார்.

ஐயா இரசாயனத்தை விட்டது கொள்கையினால் அல்ல, கை அரிப்பினால். மருந்து அடித்த நாளெல்லாம் இரண்டு கையும் முழங்கைவரை தடித்துச் சிவந்துவிடும். மருந்தை விடும்படி வைத்தியர் சொன்னார், விட்டார். பசளையையும் விட்டுப் பார்ப்போமே என்று மாட்டெருவுக்கும் வேப்பம் பிண்ணாக்குக்கும் மாறினார். விளைச்சல் பாதியாகிப் பிறகு மெல்ல மெல்ல ஏறியது. அந்த நேரத்தில் சேதன, அதாவது இரசாயனம் படாத, விளைபொருளை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் ஒருவர், ஊரில் இப்படிச் செய்கிறவர்களை ஒரு குழுவாக்கிச் சான்றிதழுக்கு ஒழுங்கு செய்தார். ஐயாவும் சேர்ந்தார்.

சான்றிதழைப் பற்றி ஐயாவுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததென்று நான் பொய் எழுதமாட்டேன். “மருந்து அடிக்கேல்லை எண்டதுக்கு நான் காசு கட்டிச் சாட்சி வைக்கோணும். அடிக்கிறவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. உது எந்த ஊர் ஞாயம்?” என்று என்னிடமே கேட்டவர், அரசாங்க உத்தியோகத்தில் இருப்பதால் எல்லாச் சட்டத்தையும் நான்தான் போட்டதுபோல. பக்கத்துத் தோட்டத்து மருந்துக் காற்று படாதிருக்கக் கிழக்கு வேலியோரம் இடைவெளி விடவேண்டும் என்றார்கள். வாழை வைத்தார். அந்த வாழைக்குலையைச் சான்றிதழ்ப் பெயரில் விற்கக்கூடாது என்றார்கள். பிள்ளையார் முத்திரை பார்ப்பதில்லை என்று சொல்லி அதைக் கோயிலுக்குக் கொடுத்தார். ஆனால் நியாயமானதை நியாயம் என்றும் சொல்லுவார். தோட்டத்து மிளகாயை இடித்துப் பொதிசெய்து கண்காட்சியில் வைத்தபோது, பொதியில் விபரமும் திகதியும் இல்லாமல் விற்கக்கூடாதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஐயாவுக்கு வரவில்லை. யார் எதைக் கலந்தார் என்று வாங்குகிறவர் எப்படி அறிவார், அவர் சொல்வது சரிதானே என்றார்.

பிறகுதான் நாடு முழுவதும் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. ஊரிலே ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏதோ அவர்தான் அந்த உத்தரவை எழுதிக் கையெழுத்து வைத்தவர்போல. இப்போது உங்களுக்குச் சந்தோசம்தானே என்று சுன்னாகம் சந்தையில் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டாராம். உண்மையில் அந்தத் தடையை ஐயாவைப்போல் திட்டியவர் இல்லை. மண் பழகுவதற்கே பல வருடம் வேண்டும், ஒரே நாளில் எல்லோரையும் நிறுத்தச் சொன்னால் மண்ணும் போகும் மனிசரும் போவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. கிழக்குத் தோட்டத்துச் சிவராசா அண்ணைக்கு அந்தப் போகம் வெங்காயம் விரலளவுகூடத் திரளவில்லை. வேலிக்கு மேலால் நாளாந்தம் கதைக்கும் மனிதர், அதோடு கதையை நிறுத்தினார். குழுவில் இருந்தவர்கள் இயற்கை விவசாயம் என்ற பெயரே வேண்டாமென்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். தடை பின்னர் நீங்கியது. கதை திரும்பி வரவில்லை.

குழு போனபின் சான்றிதழால் ஐயாவுக்கு இலாபம் ஒன்றும் இல்லை. கட்டணத்தை அண்ணா கனடாவிலிருந்து அனுப்பினார். விட்டுவிடுங்கள் என்று நாங்கள் மூவரும் மாறிமாறிச் சொன்னோம். சான்றிதழைத் திட்டுவதையும் அவர் நிறுத்தவில்லை, புதுப்பிப்பதையும் நிறுத்தவில்லை. வயதுபோன பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டோம்.

சான்றிதழ் நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதகர் வருவார். நரை விழுந்த, அமைதியான மனிதர். ஐயாவுக்கு எல்லோரும் தம்பிதான், அவரும் தம்பி. அவர் வருகிற அன்று ஐயா விடியவே முகம் வழித்து, வெளுத்த வேட்டி கட்டி, செவ்விளநீர் இறக்கி நீர்த்தொட்டியில் குளிரப் போட்டுவிட்டு வாசல் படலையில் நிற்பாராம். இதை அயலவர் ஒருவர் பின்னாளில் சொல்லித்தான் அறிந்தேன். பரிசோதகர் பாத்தி பாத்தியாக நடந்து, இங்கே முன்பு என்ன இருந்தது, ஏன் மாற்றினீர்கள், புழுவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார். ஐயா சொல்வார். கத்தரியில் தொடங்கும் கதை அம்மாவில் போய் நிற்கும், அங்கிருந்து இடப்பெயர்வுக்குப் போகும், கிணற்றுக்கு வரும். உச்சி வெயில் ஏறித்தான் பரிசோதகர் மோட்டார் சைக்கிளை எடுப்பார்.

சென்ற ஆண்டு ஒரு கடிதம் வந்தது. பண்ணைப் பதிவேடு தொடர்ந்து வெறுமையாக இருப்பதாகவும், அடுத்த பரிசோதனைக்குள் நிரப்பாவிட்டால் சான்றிதழ் இடைநிறுத்தப்படும் என்றும் இருந்தது. எடுத்துப் பார்த்தால் உண்மைதான், ஒரு வரி இல்லை. எழுத வாசிக்கத் தெரியாதவரா ஐயா? பத்திரிகையைக் கடைசிப் பக்க மரண அறிவித்தல்வரை வாசிக்கிறவர். நான் படிவங்களுக்கு நடுவில் சீவிக்கிறவள், வெறும் கட்டத்தைக் கண்டால் என் கை சும்மா இராது. சனிக்கிழமைகளில் உடுப்பிட்டியிலிருந்து வந்து, ஐயாவை விறாந்தையில் இருத்திக் கேட்டுக்கேட்டு நிரப்பினேன். என்ன பயிர், எந்தப் பாத்தி, என்ன எரு. கட்டங்கள் சிறியவை, என் கேள்விகளும் சிறியவை. அந்தப் பாத்தியில் பயற்றையை ஏன் வைத்தேனென்றால் என்று ஐயா தொடங்குவார். “அது இதிலை வராது, ஐயா” என்று சொல்லி அடுத்த கட்டத்துக்குப் போவேன்.

பரிசோதனை அன்று லீவு எடுத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். பரிசோதகர் பதிவேட்டைப் புரட்டினார், முகம் மலர்ந்தது. இப்படித் துப்புரவான பதிவேடு தான் கண்டதில்லை என்றார். தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்து, கையெழுத்து வைத்து, தென்மராட்சியில் இன்னொரு தோட்டம் பார்க்க இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார். ஐயா படலைவரை போய் அனுப்பிவிட்டு வந்தார். வெட்டிய இளநீர் கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்தது.

ஒரு குறையும் எழுதவில்லை, பார்த்தீர்களா என்று கேட்டேன். பெருமையோடுதான் கேட்டேன். ஐயா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து இளநீரைத் தானே எடுத்துக் குடித்தார்.

“எழுதி வைச்சா அந்தத் தம்பி வாசிச்சுப்போட்டுப் போயிடும், பிள்ளை” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னார். இத்தனை வருடமாக அவர் காத்தது சான்றிதழை அல்ல. ஆண்டில் ஒரு நாள் ஒரு மனிதர் வந்து, இந்தத் தோட்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பதைக் காத்தார். அதற்காகத்தான் அந்தப் பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார். அன்று பொழுதுபடும்வரை நான் அவரோடு இருந்தேன். பயற்றையை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். மறந்துபோச்சு பிள்ளை என்று சிரித்தார்.

அதன்பின் ஐயா நீண்டகாலம் இருக்கவில்லை. ஒரு காலை தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். இறைக்கும் மிசின் நிற்காமல் ஓட, வாய்க்கால் நிரம்பி, வாழைக்குள்ளால் பாய்ந்து சிவராசா அண்ணையின் வெங்காயத்துக்குள் போனது. தான் சண்டை பிடிக்கத்தான் வேலியைக் கடந்து வந்ததாக அவரே எங்களிடம் சொன்னார். வந்தவர் ஐயாவை மடியில் தாங்கி, ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது ஐயாவுக்கு நினைவு இருந்தது. “அவன்ரை வெங்காயத்துக்குத் தண்ணி கூடிப்போச்சோ?” என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். மறுநாள் அமைதியாகக் கண்களை மூடினார்.

அஸ்தியைக் கீரிமலையில் கரைத்து வந்த சில நாட்களில் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இந்த ஆண்டுப் பரிசோதனைக்கு வந்திருந்தார், அவருக்கு விடயம் தெரியாது. படலையில் கட்டியிருந்த துக்கத் தோரணத்தைக் கண்டதும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். உள்ளே வந்து ஐயாவின் படத்துக்கு முன்னால் கும்பிட்டார். தோட்டத்தை ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார். கூட்டிப்போனேன். இந்த மூலையில் ஐயா மாட்டை அடக்கம் செய்தவர், இந்த வேம்பு அக்கா பிறந்தபோது வைத்தது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். என் பிறந்த வீட்டை எனக்கு ஒரு பரிசோதகர் காட்டினார்.

மேற்குப் பக்கம் ஒரு பாத்தி. கொத்தி, குழி எடுத்து மூடி, வைக்கோல் பரப்பியிருந்தது. ஒன்றும் முளைத்திருக்கவில்லை.

“இதிலை ஐயா என்ன வைச்சவர், தங்கச்சி?”

“தெரியாது” என்றேன். அழுதுவிட்டேன். பதிவேட்டில் நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் குனிந்து, விலகியிருந்த வைக்கோலைச் சரிசெய்தார். பிறகு, சென்ற ஆண்டு படலையில் வைத்து ஐயா தன்னிடம், இதெல்லாம் என் மகள் எழுதியது, அவளுக்கு ஒரு பிழை வராது என்று சொன்னதாகச் சொன்னார். ஐயாவும் அன்று என் எழுத்தை எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறார் என்று அப்போது சற்று ஆறுதலாக இருந்தது. போகும்போது இளநீர் கொடுத்தேன். இருந்து குடித்தார்.

ஐயாவின் இறுதி நாட்களிலும் கிரியைகளிலும் தோள்கொடுத்த அனைவரையும் நினைத்துப் பார்க்கிறோம். துயர் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறும் கறியும் கொண்டுவந்த அயலவர்களுக்கும், வைத்தியர்கள், தாதியருக்கும், தூர தேசங்களிலிருந்து அழைத்து அழுத உறவுகளுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும் எங்கள் நன்றி. சிவராசா அண்ணைக்குத் தனியாக நன்றி. இன்றும் எங்கள் பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் அவர்தான்.

தோட்டத்தை விற்பதில்லை என்று அண்ணாவும் அக்காவும் நானும் பேசி முடித்திருக்கிறோம். சான்றிதழை என் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். அந்த மேற்குப் பாத்தியில் இந்த வாரம் வைக்கோலைத் தள்ளிக்கொண்டு ஊதா நிறத்தில் முளைகள் வந்திருக்கின்றன. இராசவள்ளிக் கிழங்கு. தைப்பொங்கலுக்குக் கிண்டி எடுக்கலாம் என்று சிவராசா அண்ணை சொல்கிறார்.

பதிவேட்டில் அதற்குரிய கட்டத்தை நான் நிரப்பவில்லை. பரிசோதகர் வந்து கேட்கட்டும்.