சுவிசேஷமுத்து கழித்த கல்

சுவிசேஷமுத்து அண்ணாச்சி தன் ஆயுளில் எதையும் செய்தவர் அல்ல. மற்றவர்கள் செய்ததைத் திருப்பி அனுப்பியவர். பூனா அருகே தேஹு ரோடு பக்கம் ராணுவத்துக்குச் சரக்கு எடுக்கும் டெப்போவில் அவருக்கு அதுதான் உத்தியோகம். பூட்ஸ், பெல்ட், தண்ணீர் பாட்டில் மூடி, தார்ப்பாய் என்று எது வந்தாலும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். பிறகு சிவப்பு ஆயில் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி. சாக்பீஸில் போட்டால் ஒப்பந்தக்காரன் துடைத்துவிட்டு அடுத்த வாரம் அதே சரக்கைத் திரும்பக் கொண்டுவருவான். ஆயில் பெயின்ட் போகாது. இந்த ஒரு தத்துவத்தை வைத்துக்கொண்டே பென்ஷன் வரை வந்துவிட்டார்.

ரிட்டயர் ஆன அன்று உடன் வேலை பார்த்தவர்கள் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மேடையிலேயே அதைத் திருப்பிப் பார்த்து, "பின்னால ஒரு ஸ்க்ரூ தேஞ்சிருக்குல்லா" என்றாராம். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி வேதமணி அக்கா.

"கல்யாணத்துக்கு முந்தி என்னையும் இப்பிடித்தான் ஒரு கண்ண மூடிப் பாத்தாக. எங்க அப்பா பக்கத்துல நின்னாக, அதனால தப்பிச்சேன். இல்லைன்னா நெத்தியில பெயின்ட் விழுந்திருக்கும்."

அண்ணாச்சிக்கு நாசரேத் பக்கம். பூனாவுக்கு வந்து தலை நரைத்த பிறகும் பேச்சில் ஊர் போகவில்லை. கசார்வாடியில் எங்கள் சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், என் வீட்டுக்கு எதிர்க்கதவு. வெளியூரில் குடியிருப்பவனுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. நம் பாஷை பேசுகிற ஒருவன் கோமாளித்தனம் செய்தால் அது அவனோடு நிற்காது. மறுநாள் லிஃப்டில் நம்மைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். எதிர்க்கதவு திறக்கும்போதெல்லாம் நான் என் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அந்த மனிதருக்கும் ஓர் ஆசை இருந்தது. அவர் பாஸ் செய்த பூட்ஸ் பனிமலை வரைக்கும் போயிருக்கும். அதன்மேல் அவர் முத்திரை இருக்கும். ஆனால் முத்திரையில் எண் மட்டும்தான். பெயர் கிடையாது. சர்ச்சில் மின்விசிறி வாங்கிக் கொடுத்தவன் பெயர்கூட இறக்கையில் சுற்றுகிறது, தன் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை என்பது அவருக்குத் தீராத குறை. சுவரில் பெயர் வருவதற்கு எதையாவது செய்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் செக்ரட்டரி பெண்ட்ஸே இந்த ஆசையை மோப்பம் பிடித்துவிட்டார். நுழைவாசல் லாபியின் தரை உடைந்து, புதிதாகக் கல் பதிக்க வேண்டியிருந்தது. வெயிலில் நின்று கல்லைச் சரிபார்க்க யாரும் முன்வரவில்லை. பெண்ட்ஸே நேராக அண்ணாச்சி வீட்டுக்கு வந்து சாய் குடித்தார்.

"முத்து சாஹேப், குவாலிட்டி பார்க்க உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? வேலை முடிந்ததும் வாசலில் உங்கள் பெயரைப் போட்டுவிடுவோம்," என்றார் ஹிந்தியில்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி பரணிலிருந்து பெயின்ட் டப்பாவை இறக்கினார். மூடியைத் திறக்க வேதமணி அக்காவின் தோசைத் திருப்பி பலியானது.

கல் கொண்டுவந்தவர் சலீம். ஹைவே ஓரம் சிறிய கல் பட்டறை வைத்திருப்பவர். ஜெய்சல்மேர் மஞ்சள் கல். லாரியிலிருந்து இறக்கித் தண்ணீர் தெளித்தபோது, அரைத்த மஞ்சள் மாதிரி நிறம் எழும்பியது. பாதிக் கற்கள் சுத்தம். மீதியில் ஏதேதோ இருந்தது. பிறை பிறையாக வெள்ளைக் கோடுகள், சிப்பி போன்ற வளைவுகள், பொடிப்பொடியாக ஓட்டுத் துண்டுகள். ஒரு பெரிய கல்லின் நடுவில் மட்டும், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சுருள். ஆட்டுக்கிடா கொம்பைச் சுருட்டி வைத்து நடுவில் ரம்பத்தால் அறுத்த மாதிரி, அறை அறையாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது அழகாக இருந்தது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் அழகு என்றாவது தெரிந்தது.

அண்ணாச்சி ஒரு கண்ணை மூடினார்.

"இது என்னவே?"

"டிசைன் சாப். கல்லிலேயே வருவது," என்றார் சலீம்.

"டிசைனா? நான் டிசைன் கேட்டனா? மஞ்சக் கல்லுன்னா மஞ்சளா இருக்கணும். உள்ள குப்ப கெடக்கு." என் பக்கம் திரும்பினார். "பாத்தியளா தம்பி, மாவு சலிக்காம இட்லி அவிச்ச மாதிரி. இவன் மெட்ராஸிதானேன்னு ஏமாத்தப் பாக்கான்."

"அண்ணாச்சி, நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கது வேற, பாஸ் ஆவது வேற."

இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டும். பிறகு பிரஷ்ஷை முக்கி, சுருளின் மேல், அதன் மையத்தில் கச்சிதமாகக் குறுக்கே வெட்டிக்கொள்ளும்படி, இரண்டு கோடு இழுத்தார். கைநடுக்கம் துளியும் இல்லை. இந்தக் கை வேறு எதற்காவது பயன்பட்டிருக்கலாம்.

சலீம் தலையில் கை வைத்தார். "சாப், சாக்பீஸில் போட்டிருக்கலாமே. இனி இதை யார் வாங்குவான்?"

"அதுக்குத்தான பெயின்ட்டு."

சிப்பி விழுந்த கல் அத்தனையும் இப்படிச் சிவந்தது. சலீம் அவற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகவில்லை. ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் காம்பவுண்ட் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வேறு சுத்தக் கல் கொண்டுவந்து பதித்துக் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுப் போனார். கழித்த கற்கள் மேல் உட்கார்ந்து டிரைவர்கள் வடாபாவ் தின்றார்கள்.

லாபி பாஸ் ஆகிவிட்டது. ஒரு மறு இல்லை, ஒரு கோடு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ மஞ்சள் காமாலையைக் கொட்டிய மாதிரி இருந்தது. வழவழப்பு பத்தவில்லை என்று அண்ணாச்சியே நின்று இன்னொரு முறை பாலிஷ் போடவைத்திருந்தார். முதல் மழைக்கே பெண்ட்ஸே வழுக்கி விழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் பெயர் போடும் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. அண்ணாச்சி நினைவுபடுத்தும்போதெல்லாம், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மராட்டியில் சொல்லிவிட்டு இடுப்பைத் தடவிக்கொள்வார்.

இரண்டாவது மாடியில் கிரிஜா என்ற பெண் குடிவந்தாள். கல்லூரியில் நிலவியல், அதாவது பாறைப் படிப்பு, சொல்லிக்கொடுப்பவள். அப்பா அம்மா தமிழ். பிறந்து வளர்ந்தது பூனா. தமிழ் அவள் வாயில் கடன் வாங்கின செருப்பு மாதிரி நடக்கும். வந்த புதிதில் ஸ்கூட்டரை நிறுத்தப்போனவள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே அந்தக் கற்களுக்கு முன் குந்திவிட்டாள். நானும் அண்ணாச்சியும் காய்கறி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம்.

"அங்கிள், இது யாரு பண்ணா? இந்த ரெட் கலர்?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். "நாந்தான்மா. ரிஜெக்ட்டு. உள்ள குப்ப."

"குப்பையா?" அவள் எங்களை ஏறிட்டுப் பார்த்தாள். "அங்கிள், இது அம்மோனைட். கடல்ல இருந்த பிராணி. ஜுராசிக் டைம். அப்ப ஜெய்சல்மேர் மணல் இல்ல, கடல் ஓரம். இந்த சிப்பி எல்லாம் அந்த பீச்ல இருந்தது. ஒண்ணு மேல ஒண்ணு சேறு விழுந்து விழுந்து கல் ஆச்சு. கோடி கோடி வருஷம். நம்ம பூனா கல்லு கறுப்பு இல்ல? அது லாவா. அதுக்குள்ள இப்படி எதுவும் கிடைக்காது. இவ்ளோ பெரிசு, இவ்ளோ நல்லா கட் ஆனது, நான் காலேஜ்லகூட பாக்கல."

இதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்லியிருக்கலாம்? தெரியாமல் செய்துவிட்டேன் என்றிருக்கலாம். ஒன்றும் பேசாமல் கத்தரிக்காய்ப் பையைப் பார்த்திருக்கலாம்.

"கறுப்புக் கல்லு நல்ல கல்லும்மா. ஒரு குத்தம் சொல்ல முடியாது," என்றார் அண்ணாச்சி.

அப்புறம் அவரே தின்னர் வாங்கிவந்து துடைக்கப் பார்த்தார். ஓர் ஓரத்தில் தொட்டதும் சிவப்பு கரைந்து கல்லுக்குள் இன்னும் இறங்கியது. சுண்ணாம்புக் கல், எண்ணெயை உறிஞ்சிக்கொண்டுவிட்டது. கிரிஜா ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கினாள். தேய்த்து எடுக்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, தேய்த்தால் சுருளும் சேர்ந்து போய்விடும் என்றாள். வேதமணி அக்கா மட்டும் நிதானமாகச் சொன்னார்கள்: "கோடி வருசமா கடலுக்குள்ளயும் மண்ணுக்குள்ளயும் பத்திரமா கெடந்திருக்கு. இவுக கையில மாட்டணும்னு விதி."

சொசைட்டி வாட்ஸாப்பில் படங்கள் பறந்தன. போசரியிலிருந்தெல்லாம் உறவுக்காரர்களை அழைத்துவந்து காட்டினார்கள். பெண்ட்ஸேவுக்கு இடுப்புவலி போய்விட்டது. அந்தச் சுருள் கல்லை லாபிச் சுவரில் பதிப்பது, கிரிஜாவின் கல்லூரி ஒரு விளக்கப் பலகை செய்து கொடுப்பது, சின்னதாக ஒரு திறப்பு விழா என்று முடிவானது. விளக்கப் பலகையில் வரப்போகும் ஆங்கில வாசகத்தைக் கிரிஜா குரூப்பில் போட்டாள். கடைசி வரி: 'சிவப்புக் குறி, பிற்காலச் சேதம்.'

மறுநாள் காலை அண்ணாச்சி என் கதவைத் தட்டினார். சட்டைப் பித்தான் எல்லாம் போட்டு, தலை வாரி, ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி.

"தம்பி, நீங்க தமிழும் இங்கிலீஷும் ஒழுங்காப் படிச்சவுக. அந்தப் பிள்ளைட்ட எடுத்துச் சொல்லணும். சேதம்னு போட்டிருக்கா. எந்தச் சேதம்? அது தானா விழுந்ததா? ஆளு பார்த்துப் போட்டது. போட்ட ஆளுக்குப் பேரு இருக்குல்லா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அண்ணாச்சி, கெடுத்தது நீங்கன்னு ஊருக்கு எழுதி வைக்கணும்ங்கிறீங்களா?"

"பேரு வரணும்ங்கேன். பெண்ட்ஸே வாக்குக் குடுத்தான். தரையில வரல. இதுலயாவது வரட்டும்."

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு எழுந்த வெறுப்பை எழுத்தில் வைக்க முடியாது. சும்மா இருந்தால் 'சேதம்' யார் கை என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. எங்கள் பாஷைக்காரன் ஒருவன்தான் என்பது மறந்துபோகும். இந்த மனிதர் அதைச் சுவரில் ஏற்றச் சொல்கிறார். ஆனாலும் போனேன். போகாவிட்டால் அவரே தன் இங்கிலீஷில் போய்ப் பேசுவார். அதைவிட இது பரவாயில்லை.

கிரிஜா கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "அது உண்மைதானே அங்கிள். ரெக்கார்டுக்கு நல்லது," என்றாள். கடைசி வரியை மாற்றிக் காட்டினாள்: 'சிவப்புக் குறி, இந்தக் கல்லைத் தரமற்றதென்று கழித்த தர ஆய்வாளர் எஸ். சுவிசேஷமுத்து இட்டது.'

அண்ணாச்சி அதைப் படித்துப் படித்துப் பார்த்தார். 'தர ஆய்வாளர்' என்ற இடத்தில் விரலை வைத்து வேதமணி அக்காவிடம் காட்டினார். "இதுல கழித்தன்னும் இருக்கே," என்றார்கள் அக்கா. "அதான வேல," என்றார் இவர்.

விழாவுக்கு முதல் நாள் பலகை வந்தது. கண்ணாடி மாதிரி அக்ரிலிக், உள்ளே கறுப்பு எழுத்து. பெண்ட்ஸே, கிரிஜா, நான், அக்கா எல்லோரும் லாபியில் நின்றிருந்தோம். வழுக்காமல் இருக்கச் சணல் விரிப்பு போட்டிருந்தார்கள். சுவரில் சுருள், சிவப்புக் குறியோடு. நிஜமாகவே கம்பீரமாக இருந்தது, குறியையும் மீறி.

"முத்து சாஹேப், உங்கள் பெயர். நீங்களே எடுத்துக் கொடுங்கள்," என்றார் பெண்ட்ஸே.

அண்ணாச்சி இரண்டு கையாலும் பலகையை வாங்கினார். வாங்கி அப்படியே கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

ஒரு கண்ணை மூடினார்.

"இங்கன ஒரு காத்துக் குமிழு."

"எங்க அங்கிள்?" கிரிஜா எட்டிப் பார்த்தாள்.

"பேருக்கு மேல. இந்தா, கடுகு கணக்கா." குரல் மாறிவிட்டது. பழைய டெப்போ குரல். "இத வாங்கப்பிடாது. திருப்பி அனுப்பணும்."

"என்னங்க, வேண்டாம். உங்க பேருங்க. மாட்டட்டும் விடுங்க," என்று அக்கா கையைப் பிடித்தார்கள்.

"என் பேரு போற சரக்குங்கதுனாலதான் சொல்லுதேன்."

பெயின்ட் டப்பா மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அங்கே எப்போது வைத்தார், எதற்கு வைத்தார், யாருக்கும் தெரியாது. நாங்கள் பேச வாய் திறப்பதற்குள் பலகையைத் தரையில் சாய்த்து, கடைசி வரியின் மேல் குறுக்கே இரண்டு கோடு. 'எஸ். சுவிசேஷமுத்து' நடுவில் சரியாக வெட்டிக்கொண்டது.

பெண்ட்ஸே குனிந்து பலகையை எடுத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "மாட்டு," என்றார்.

"மாட்டாதிய, ரிஜெக்ட்டு," என்று தமிழிலேயே பதறினார் அண்ணாச்சி. எலக்ட்ரீஷியனுக்குத் தமிழ் தெரியாது. ட்ரில் சத்தத்தில் மற்றதும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் லாபிக்கு வருகிறவர்கள் முதலில் சுருளைப் பார்ப்பார்கள். பிறகு குறியை. பிறகு பலகையைப் படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் அதே குறியைக் கண்டு நிற்பார்கள். இந்த ஆளைச் சொசைட்டியிலிருந்து நீக்கிவிட்டார்களா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எந்த ஊர்க்காரர் என்றும் கேட்கிறார்கள். ஆந்திரா பக்கம் என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விடுவேன்.

அண்ணாச்சிக்கு முதலில் வருத்தம் இருந்தது. ஒரு வாரம் கீழே இறங்கவில்லை. பிறகு ஒருநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்பியபோது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். நழுவப் பார்த்தேன், பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரெண்டையும் பாத்தியளா? அது கல்லு, இது பிளாஸ்டிக்கு. எடையில எவ்வளவு வித்தியாசம். ஆனா கோடு ரெண்டும் ஒரே அளவு. அளந்து பாத்தாலும் சரியா இருக்கும்."

அளந்து பார்த்திருக்கிறார் என்பது அவர் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த டேப்பிலிருந்து தெரிந்தது.