கீழ் மூலையில் ஏழு சிலுவைகள்

எங்கள் கல்லறைத் தோட்டக் கமிட்டியில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் முட்டி வலி. நெட்டுக்குப்பத்திலிருந்து கழிமுகத்துப் பக்கம் போகிற வழியில், ஒரு சின்ன மாதா கோயிலுக்குப் பின்னால், நாலு பக்கமும் சுவர் வைத்த மணல் திட்டு. அதுதான் எங்கள் ராஜ்ஜியம். சம்பளம் கிடையாது. புல் பிடுங்குவது, சீமைக் கருவேலத்தை வெட்டுவது, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளிலிருந்து வந்து சிலுவைமேல் படிகிற சாம்பலைத் துடைப்பது, யாரை எங்கே அடக்கம் செய்வது என்று முடிவு செய்வது எல்லாம் நாங்கள்தான். ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயரான கையோடு என்னைச் செயலாளராக்கினார்கள். ரிஜிஸ்டர் எழுத என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். என் வாய் எப்படி என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டார்கள்.

நான் வந்ததும் போட்ட முதல் தீர்மானம், இனி யாரும் சிமெண்டில் கல்லறை கட்டக் கூடாது என்பது. இருக்கிற இடம் அவ்வளவுதான். மண்மேடு, எண் செதுக்கின மரச் சிலுவை, போதும். வருஷங்கள் கழித்துக் குடும்பத்தில் இன்னொருவர் போனால் அதே குழியைத் திறப்போம். பழைய எலும்பை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்து, புதுப் பெட்டியை இறக்குவோம். புருஷன் பெண்டாட்டி அப்படித்தான் மறுபடி சேர்வார்கள். என் அப்பாவும் அங்கேதான் இருந்தார், கழிமுகத்தை ஒட்டிய கீழ் மூலையில். எனக்கு ஒன்பது வயதில் போனவர். அம்மாவின் அடக்கம் அவள் பிறந்த ஊரில்.

ஒரு டிசம்பர் மழையில் கழிமுகம் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், கீழ் மூலை வழித்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு மேடுகூட மிச்சமில்லை. அங்கிருந்த ஏழு மரச் சிலுவைகளும் கருவேலத்தில் சிக்கித் தொங்கின. கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில நாள்தான். குடும்பங்கள் வந்து இதைப் பார்க்கக் கூடாதே என்று எங்களுக்கு ஒரே பதைப்பு. 'இது இங்கேதான்', 'இல்லை, ரெண்டடி தள்ளி' என்று எங்களுக்குள் சண்டை போட்டு, குத்துமதிப்பாக ஏழையும் நட்டோம். மேடு கட்டினோம், சுண்ணாம்பு அடித்தோம். அப்பாவின் இடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வருஷா வருஷம் வந்தவள் இல்லையா. வெளியே சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டு, நல்ல காரியம் செய்த களைப்போடு டீ குடித்தோம்.

அடுத்த வருஷம், செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மீன்கார அக்கா வந்தார். எழுபது தாண்டியவர். கழிமுகத்து ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூர்த் தெருக்களில் விற்றவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த புருஷன் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சொந்தமாகப் பிள்ளைகள் இல்லை, தங்கச்சி பிள்ளைகள்தான் எல்லாம்.

"மே, எனுக்கு நெஞ்சு சரியில்லன்னு டாக்டரு சொல்ட்டாரு. நான் பூட்டா என்னை எங்க வூட்டுக்காரரோட போடணும். புக்குல எய்திக்க."

எழுதுவது என் வேலைதான். ஆனால் ஆளோடு போய் இடத்தைப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. போனோம். நாங்கள் நட்ட சிலுவையைத் தடவிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாளுய்யா, வந்துர்றேன்" என்றார். மெழுகுவத்தியை யார் தலைமாட்டில் ஏற்றினாலும் கடவுளுக்குத் தெரியும் என்று அதுவரை எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த அம்மாளை யாரோ ஒரு அந்நிய ஆம்பளையோடு படுக்க வைப்பதா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இன்னா மே சொல்ற? அப்போ நான் இத்தினி நாளா எவனுக்கு மெய்வத்தி கொளுத்திகினு கீறேன்?"

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எந்த ரிஜிஸ்டரிலும் எழுத முடியாது. கோயில் வாசலில் நின்றிருந்த ஃபாதர் மெதுவாக உள்ளே போய்விட்டார். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ரெண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்கா, மீன் விற்ற பழைய அலுமினிய அன்னக்கூடையோடு வந்தார். உள்ளே ரெண்டு செங்கல். "வெயிட்டு இருந்தாத்தான் கய்த்து நேரா நிக்கும்" என்று சொல்லிச் சும்மாடு வைத்துக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டார். ஏலத்திலிருந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் தினமும் புருஷனிடம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவாராம். தலையில் மீன் இருந்தால் குனிய முடியாது. அதனால் அந்த அம்மாள் ஒரு நாளும் தரையைப் பார்த்ததில்லை, எதிரேதான் பார்த்திருக்கிறார். கரையிலிருக்கிற ரெண்டு அடையாளங்கள் ஒன்றுக்கு நேர் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துத்தான் கடலில் வலை போடுகிற இடத்தைப் பிடிப்பார்கள். அதை அவர் புருஷன் அவருக்குச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பொகபோக்கியும் ஒண்ணாத் தெரியணும். இந்தாண்ட, கோயிலு சிலுவை பனமரத்து மேல ஏறி நிக்கணும். அங்கதான் நான் நிப்பேன். எங் காலாண்ட அவுரு."

நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தார், பின்னால் வந்தார், மறுபடி நகர்ந்தார், நின்றார். அவர் காலடியில் இருந்தது என் அப்பாவின் சிலுவை.

"இல்லை" என்றேன். "உங்களுக்கு வயசாயிடுச்சுக்கா. கண்ணு சரியாத் தெரியலை."

"கண்ணு நல்லாத்தான் கீது. வோணும்னா தோண்டறப்போ பாரு. கடல்ல போட்டு கவுந்து அவுரு தொடை ஒடைஞ்சப்போ ஆஸ்பத்திரில பிளேட்டு வெச்சாங்க. அது மக்கிப் பூடாது."

மணலில் உட்கார்ந்து அழுதேன். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன் நைனாவைப் பொதைச்சன்னிக்கு நீ எங்க நின்ன? எதுர்ல இன்னா தெரிஞ்சுது?" என்று கேட்டார். கண்ணை மூடி யோசித்தேன். அம்மாவின் சேலைதான் தெரிந்தது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் குனிந்து புல் பிடுங்கினேன், குனிந்து சுண்ணாம்பு அடித்தேன், குனிந்தபடியே திரும்பிப் போனேன். "போவுது வுடு" என்று அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கமிட்டியைக் கூட்டி, நாங்கள் செய்ததை உள்ளபடி எழுதினேன். மற்றக் குடும்பங்களுக்கும் நானே போய்ச் சொன்னேன். ரெண்டு வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தோம்: கல்லறை முன்னால் நின்றால் எதற்கு நேரே எது தெரிகிறது என்று. அக்கா காட்டின இடத்தைத் திறக்க, அங்கே நிற்கும் சிலுவைக்கு உரிய குடும்பம் சம்மதிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான். செயலாளராக நான் எழுதின தாளில் மகளாக நான் கையெழுத்துப் போட மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தினம் போய், ரெண்டு புகைபோக்கியும் ஒன்றாகத் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். தெரிந்தன.

தவக்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தார். அப்பாவின் சிலுவையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்துவிட்டுக் குழியைத் திறந்தோம். குழி வெட்டுகிறவர் வெகுநேரம் கையால் மண்ணை அளைந்தார். பிறகு திருகாணியோடு ஒரு நீளமான தகட்டை எடுத்து மேலே காட்டினார். அக்காவின் தங்கச்சி பிள்ளைகள் "பெரிப்பா!" என்று ஒரே குரலில் கத்திவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. அந்த நொடியிலேயே என் அப்பா இன்னொரு தடவை செத்தார்.

பெட்டியை இறக்கி, மூடி, மேடு கட்டி முடித்தார்கள். குழி வெட்டுகிறவர் அப்பாவின் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இத்த எங்கம்மா நடறது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தத் தோட்டத்தில் யார் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவள் நான்.

"தெரியலை" என்றேன்.

தங்கச்சி மகள்தான் முன்னால் வந்தாள். "இங்கியே இருக்கட்டும்மா. எங்க பெரிம்மா ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

ஒரு மேட்டுக்கு ஒரு சிலுவைதான் என்பதும் நான் போட்ட விதி. அந்த மேட்டில் இப்போது ரெண்டு நிற்கின்றன. இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அவர்கள் குடும்பமாக வந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி, இல்லாத புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவுக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று என்று ஏற்றிவிட்டு, மூன்றாவது மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தங்கச்சி மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க நைனா பேரு இன்னாம்மா?"

சொன்னேன். அவர் பெயரை என்னிடம் யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.