வானம் தெளியக் கேட்டேன், மழை கொடுத்தார்

என் நைனா இறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. இதை எழுதும்போதும் அழுகை வருகிறது. அழுதுகொண்டே சாட்சி சொல்லலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "அழுதுகினே சொல்லு. ஆண்டவருக்குத் தெரியாததா?" என்றார். அதனால் சொல்கிறேன்.

நாங்கள் செஞ்சிக்காரர்கள். நைனா அவலூர்பேட்டை ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். நான் உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படிக்கிறேன். பைலட் லைசென்ஸுக்குப் பறந்தால் மட்டும் போதாது. வானிலை, வழி கணிப்பு, விமானச் சட்டம் என்று தியரி பரீட்சைகளிலும் தேற வேண்டும். அதை முடித்துவிட்டுப் பறக்க வா என்று மூத்த மாணவர்கள் சொன்னார்கள். எனக்கு எங்கே பொறுமை? முதலில் பறப்போம், மழைக்காலத்தில் பறக்க முடியாதபோது படித்துக்கொள்வோம் என்று வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் போட்ட கணக்கும் அதுதான்.

மழை வந்தது. ஒருவரும் படிக்கவில்லை. காலையில் யூனிஃபார்ம் மாட்டி, ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்து உட்கார்ந்திருப்போம். கொஞ்சம் வெளுத்தால் நம் முறை வரலாம் அல்லவா? அந்த இடத்தில் தியரி புத்தகத்தைத் திறந்தால் மழை விடாது என்று மாணவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. யாராவது பையிலிருந்து எடுத்தாலே கத்துவார்கள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற நானும் அதை நம்பிப் புத்தகத்தை மூடியே வைத்தேன். பேர் மட்டும் விசுவாசி!

வானம் தெளிய வேண்டும் என்று உபவாசமிருந்து ஜெபித்தேன். மழைதான் வலுத்தது. ஓடுதளத்தில் தண்ணீர் ஏறியதும் பள்ளியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரயில் முழுக்க ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

சொல்லாமல் வந்து இறங்கினேன். நைனா கட்டிலில் கிடந்தார். வயிறு மட்டும் வீங்கி, மற்ற இடமெல்லாம் எலும்பு. கல்லீரலில் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். தினமும் போனில் "நல்லா இருக்கேம்மா" என்று சொன்ன மனுஷன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நைனாதான் சத்தியம் வாங்கிட்டாரு. தெரிஞ்சா நீ எல்லாத்தையும் உட்டுட்டு வந்துருவியாம்," என்று அம்மா அழுதார்.

சுகம் கேட்டு ஜெபித்தேன். சபையே ஜெபித்தது. சுகம் கிடைக்கவில்லை. இதை மறைத்தால் என் சாட்சி பொய்யாகிவிடும்.

ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க எனக்குக் கட்டிலின் பக்கத்தில் இடம் கிடைத்தது. "சும்மா என் மூஞ்சியப் பாத்து அழுவாத. உன் பாடத்தச் சத்தமா படி. நானும் கேக்கறேன்," என்றார் நைனா. இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னேன். தியரி படிக்க இதுவா நேரம் என்று நெஞ்சு வெடித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. என் குரல் கேட்கிறவரைக்கும் அவர் முனகாமல் இருந்தார்.

ஒரு நாள் ஜன்னல் வழியே பார்த்தால் ராஜகிரி மலையின் தலையை மேகம் மூடியிருந்தது.

"இன்னாம்மா, இப்படி மேகத்துல மாட்டிகினா எப்படி ஓட்டுவ?"

"கருவியப் பாத்து ஓட்டணும் நைனா. அப்போ நம்ம உடம்பு பொய் சொல்லும். நேரா போறப்பவே சாயற மாதிரி இருக்கும். அத நம்பக்கூடாது."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "திருப்பிச் சொல்லு," என்றார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் நைனா போய்விட்டார். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. எந்தப் பாடம் என்றுகூட இப்போது நினைவில்லை. கல்லறை மண் காய்வதற்குள் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுத எனக்கு மனமில்லை. "அவரு கேட்ட பாடத்த நீ எழுதாம வேற யாரு எழுதறது?" என்று அம்மாதான் பஸ் ஏற்றிவிட்டார்.

கம்ப்யூட்டர் திரையில் மேகத்தைப் பற்றிய கேள்வி வந்தது. கண்ணீரில் எழுத்து தெரியவில்லை. "திருப்பிச் சொல்லு" என்ற குரல் கேட்டது. மனசுக்குள் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். எல்லாத் தாள்களிலும் தேறினேன்.

இப்போது மறுபடி பறக்கிறேன். லைசென்ஸுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள். மேலே போகும்முன் நானும் ஜெபிக்கிறேன். வானத்தை அப்படி வை, இப்படி வை என்று ஆண்டவருக்கு உத்தரவு போடுவதில்லை.

விமானம் ஓட்டப் போகிற தம்பி தங்கைகளே, தியரியை முதலில் முடித்துவிடுங்கள். மழை வரட்டும், படிக்கலாம் என்று இருக்காதீர்கள். கேட்டது கிடைக்காமல் அழுகிறவர்களே, ஆண்டவரை விட்டுவிடாதீர்கள். நன்றி சொல்லும்போதும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். நான் கேட்டபடி அன்றைக்கு வானம் தெளிந்திருந்தால், என் நைனாவைப் பெட்டியில்தான் பார்த்திருப்பேன்.