கண்டம் முடியும் இடம்

கடலடியைத் துளைத்தெடுத்த கல்தண்டுகளை நெடுக அறுத்துப் பெட்டியில் அடுக்குவதுதான், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வேலை.

"கண்டம் முடிஞ்சு கடல்தரை ஆரம்பிக்கிற இடத்துல இதை ஒட்டிடுங்க" என்று ஆராய்ச்சிக்காரி சிவப்புச் சீட்டொன்றைக் கொடுத்தாள்.

மதியம்வரை தேடினாள். முதல் பெட்டியில் இழுபட்டு நைந்த வெளிர் நிலப்பாறை. அதற்குள் எரிமலைக்குழம்பு உறைந்த கருங்கீற்று நூலாக நுழைந்து, பெட்டிக்குப் பெட்டி தடித்து, கடைசியில் முழுக்கக் கறுப்பு. எந்த மகராசன் கோடு கிழித்து வைத்திருக்கிறான், ஒட்டுவதற்கு?

மாலையில், அவளும் கணவனும் பிரியப்போகிற சேதி கேட்டு அக்கா போனில் பொரிந்து தள்ளினாள். "எப்போடி ஆரம்பிச்சுது? அன்னைக்கே சொல்லியிருந்தா பேசித் தீர்த்திருப்பேன்ல!"

"அன்னைக்குன்னு ஒரு நாள் இருந்தாத்தானேக்கா."

சீட்டு இன்னும் அவள் கைப்பையில்தான் கிடந்தது. அடுத்த அறையில் கணவன் கதவைச் சாத்தினான். அவளுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதென்று, விருந்தாளியைப்போல மெதுவாக.