மூன்றே முக்கால் சத்தம்

ஒன்பதாம் வகுப்புக்குக் கடைசிப் பாடவேளை ஆங்கிலம் என்று அட்டவணை போட்டவருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியாது. சேரம்பாடிப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளி. நான் கோபியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூன்றரைக்கு வகுப்பு தொடங்கும். முதல் கால் மணி நேரம் பிள்ளைகள் தங்கமாக இருப்பார்கள். மூன்றே முக்காலுக்குச் சத்தம் கிளம்பும்.

ஆரம்பம் எப்போதும் ஜன்னலோர பெஞ்சில்தான். அங்கே உட்காரும் ஒரு பெண் வெளியே எட்டிப் பார்த்து ஏதோ சொல்வாள். அடுத்த நிமிஷம் வகுப்பே கூடிக் கூடிப் பேசும். கையெழுத்து அவளுக்கு முத்து முத்தாக இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் மட்டும் தரையைப் பார்ப்பாள். தமிழில் அவள் வாயை அடக்க இனிமேல்தான் ஆள் பிறக்க வேண்டும்.

பயிற்சியில் சொல்லித் தந்த வித்தைகளை எல்லாம் செய்து பார்த்தேன். பேசாமல் கையை உயர்த்தி நின்றேன். கை வலித்ததுதான் மிச்சம். நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்தேன். அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணினேன். அவர்களும் கூடவே எண்ணினார்கள், நல்ல உச்சரிப்போடு. ஒருநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், உங்க கிளாஸ் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குதுங்க."

கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதென்ன சரியாக மூன்றே முக்கால் என்ற கேள்வி என்னை அரித்தது. நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்: திங்கள் 3.44, செவ்வாய் 3.47. பனிமூட்டம் ஜன்னலை மூடிய நாளில் சத்தமே இல்லை, ஆனால் ஒருத்தர் மனமும் பாடத்தில் இல்லை. பிள்ளைகளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு புதன்கிழமை கோபம் ஜெயித்துவிட்டது. "மணி அடிச்சதுக்கப்புறம் நீ மட்டும் உக்காரணும்" என்றேன் அவளிடம்.

அவள் கெஞ்சவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு நேரம் டீச்சர்? பத்து நிமிஷமா?" என்றாள்.

"கேள்வி வேறயா? இருபது நிமிஷம்."

அந்த இருபது நிமிஷமும் எதிரே உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். வகுப்பை அடக்கிவிட்டோம் என்று திருப்தியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அவளுடைய அம்மா வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் தயாராக நின்றேன்.

"டீச்சரம்மா, நீங்க ரெண்டு அடி போட்டாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நேரத்துக்கு மட்டும் அனுப்பிருங்க. அது யானை வர்ற வழி."

தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கும் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போகும் ஏழு பிள்ளைகளும் ஒன்றாகத்தான் நடப்பார்களாம். மற்ற ஆறு பேரும் பள்ளி கேட்டில் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். கிளம்பிச் சதுப்பருகே போனபோது பாதையில் யானைக் கூட்டம். கொழுந்து எடைபோடும் கொட்டகைக்குள் புகுந்து, தோட்டத்து ஜீப் வரும்வரை இரண்டு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழு பிள்ளைகள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி டீச்சர்" என்றாள், அவ்வளவுதான். மூன்றே முக்காலுக்குச் சத்தம் கிளம்பியது. நான் அதட்டாமல் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"அங்க என்னதான் பாக்கறீங்க?"

பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எதிர்ச் சரிவில் பறிக்கும் பெண்கள் மாலை எடைக்குக் கொழுந்து மூட்டையோடு இறங்குகிற நேரம் அது. நேர்ப்பாதையில் இறங்கினால் யானை இல்லை. சுற்றுப்பாதையில் வந்தால் சதுப்பில் நிற்கிறது. வேலியோரமாகக் கும்பலாக வந்தால் குட்டியோடு நிற்கிறது, சீக்கிரம் நகராது. இடுப்பில் நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் தாள் கட்டியிருக்கும் தங்கள் அம்மாக்கள் எந்த வழியாக இறங்குகிறார்கள் என்று பார்த்து, தாங்கள் எந்த வழியாக வீடு போவது என்று முடிவு செய்துகொண்டிருந்தது அந்த வகுப்பு. அதை அடக்கத்தான் நான் ஐந்து வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து மூன்றே முக்காலுக்குப் பத்து நிமிஷம் ஜன்னலுக்கு ஒதுக்கினேன். ஆங்கிலத்தில் மட்டும்: எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் போகிறது? சத்தம் குறையவில்லை, மொழிதான் மாறியது. "நோ, நோ, நியர் தி ஷெட்!" என்று லெஃப்ட்டுக்கும் ரைட்டுக்கும் அடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவள் மட்டும் பேசவில்லை. ஆங்கிலத்தில் என்ன, தமிழில்கூட என் வகுப்பில் வாய் திறப்பதில்லை. நான் கேட்ட அமைதியை அவள் கொடுத்துவிட்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் குரல் இனி என் வகுப்பில் கேட்குமா என்பதே எனக்குக் கவலையாகிப் போனது. அவளாகப் பேசட்டும் என்று, ஒரு கேள்விகூட அவளிடம் கேட்காமல் இரண்டு மாதம் ஓட்டினேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள். மணி அடித்துவிட்டது. மேல் டிவிஷன் பாதையில் யானை இல்லை என்று முடிவாகி, ஏழு பேரும் குடையை எடுத்துக்கொண்டார்கள். நானும் ஸ்கூட்டர் சாவியும் ஹெல்மெட்டுமாக வாசலுக்கு வந்துவிட்டேன்.

"டீச்சர், சிட் டவுன்."

அவள்தான். ஜன்னலோரம் நின்றிருந்தாள். வகுப்பே அப்படியே நின்றது.

"டூ பிக், ஒன் பேபி. யுவர் ரோடு."

எட்டிப் பார்த்தேன். கீழ்ச் சரிவில், நான் தினமும் போகிற ரோட்டை ஒட்டி, பெண்கள் வேலியோரமாகக் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"எவ்வளவு நேரம்? பத்து நிமிஷமா?"

அவள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"கொஸ்டின் வேறயா டீச்சர்? ட்வென்டி மினிட்ஸ்."

ஆறு பேரும் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் ஓடினார்கள். நான் அவளுடைய பெஞ்சில் போய் உட்கார்ந்து, இருபது நிமிஷத்தையும் முழுசாக அனுபவித்தேன்.